தரையில் படாத பெட்டி

பிப்ரவரி 20, வியாழன். நாந்தேடு

வண்டி ஏற்றி முடித்தாயிற்று. முறுக்கு உரல் நான்கு, பெரிய எண்ணெய்ச் சட்டி, கேஸ் அடுப்பு, இரண்டு துணி மூட்டை, என் வீட்டுக்காரர் போட்டோ. பதினோரு வருஷம் முறுக்குக் கம்பெனி நடத்திய வீட்டைக் காலி செய்தால் ஒரு குட்டியானை வண்டிகூட நிறையவில்லை. மாவு மில்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த இந்த டைரி அலமாரியில் சும்மா கிடந்தது. பேச ஆள் இல்லாத பயணம். இதிலாவது எழுதித் தொலைக்கிறேன்.

வண்டி ஓட்டக் கொழுந்தன் வீரணன் ஊரிலிருந்து வந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் காசிமாயனின் தம்பி. பதினோரு வருஷமாக எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. நேற்று வாசலில் வந்து நின்றவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உறியில் தொங்கும் சாமிப் பெட்டியைக் கும்பிட்டுவிட்டு, "ஐயா, ஒன்னய ஊருக்குக் கூட்டிட்டுப் போக வந்துருக்கேன். வீட்ல உள்ளவகளயும் கெளம்பச் சொல்லு" என்றார்.

நானும் பெட்டியைப் பார்த்தே, "நாங்க எப்பவோ கெளம்பியாச்சுன்னு சொல்லு ஐயா" என்றேன். காபி வேண்டுமா என்பதும் ஐயன் வழியாகத்தான் போனது. வேண்டாம் என்பதும் ஐயன் வழியாகவே வந்தது.

அந்தப் பெட்டிதான் எல்லாவற்றுக்கும் காரணம். எங்கள் குலசாமி வேலங்காட்டு ஐயனின் பெட்டி. மூங்கில் பெட்டி, மேலே சிவப்புத் துணி. உள்ளே ஐயனுடைய மணி, சலங்கை, விபூதிப் பை. சிவராத்திரி அன்று பெட்டி இருக்கும் வீட்டிலிருந்து கோயில் வரை ஒருவர் தலையில் சுமக்க வேண்டும். வழியில் தரையில் படக்கூடாது. பட்டால் ஐயன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார் என்று கணக்கு. கை மாறக்கூடாது. மாறினால் வாங்கினவருக்கே பெட்டி. விளக்கு வைத்த பிறகு நகரவும் கூடாது. அதனால்தான் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை, பகலில் மட்டும் ஓடும் இந்தக் குட்டியானை. பொம்பளை மடியில் இருந்தால் பெட்டி வீட்டில் இருப்பதாகக் கணக்காம். ஊரில் கூடிப் பேசி அப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆக, ஊர் எல்லை வரை பெட்டி என் மடியில்.

பதினோரு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் பங்காளிகளோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு இங்கே வந்துவிட்டார். அதோடு ஊரில் சிவராத்திரி நின்றது. போன ஆனியில் அவரும் போய்ச் சேர்ந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பெட்டி சுமந்தவர்கள் பெயரை எல்லையில் வைத்து வரிசையாகச் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். வெறும் பெயர் இல்லை, செய்ததையும் சேர்த்துச் சொல்வார்கள். வெள்ளத்தில் நீந்தி வந்த கட்டமாயன், பாம்பு கடித்தும் நடந்த பெரியகருப்பன் என்று. பெட்டி குறையில்லாமல் வந்து சேர்ந்தால் இவர் பெயரையும் சொல்வதாகப் பெரிய பூசாரி தவசி போனில் ஒப்புக்கொண்டார். பிள்ளை சொல்ல வேண்டிய பெயரை ஊராவது சொல்லட்டும். அந்த ஒன்றுக்காகத்தான் இந்த ஆளோடு ஆறு நாள்.

இந்த ஆள் யார் என்றால், நான் ரத்தத்தில் கிடந்தபோது பெட்டிக்குக் கை நீட்டினவர்.

பிப்ரவரி 21, வெள்ளி. சங்காரெட்டிக்கு இந்தப் பக்கம்

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அஞ்சு மணிக்கே எழுந்து புளியோதரை கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, இரண்டு தூக்கில் கட்டியிருந்தேன். பதினோரு மணிக்கு ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். ஒரு தூக்கை சீட்டில் அவர் பக்கம் நகர்த்தினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை.

"ஐயா, வெரதம் இருக்கேன். சாவு விழுந்து வருசம் திரும்பாத வீட்டுச் சோறு ஆகாதுன்னு ஒனக்குத் தெரியும்ல" என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு இரண்டு வாழைப்பழத்தைத் தின்று தண்ணீர் குடித்தார்.

விரதமாம். பெட்டியைத் தொடவே போவதில்லை, இவருக்கு எதற்கு விரதம்? என் கைச்சோறு ஆகாது என்று சொல்ல வாய் வரவில்லை, விரதத்தைச் சொல்கிறார். இரண்டு தூக்குச் சோற்றையும் நானே தின்றேன். வீம்புக்குத் தின்றதில் மத்தியானம் முழுக்க நெஞ்செரிச்சல்.

மணிக்கு ஒரு தடவை வண்டியை ஓரங்கட்டிவிட்டு முள்ளுச்செடிக்குப் பின்னால் போகிறார். தண்ணீர் குடிப்பதும் போவதும், குடிப்பதும் போவதும். இப்படிப் போனால் சிவராத்திரிக்கு இல்லை, சித்திரைக்குத்தான் போவோம்.

எனக்கு இறங்க வேண்டியிருந்தால் பெட்டியைக் கேபின் கொக்கியில் மாட்ட வேண்டும். உறிக் கயிற்றைப் பிரித்து, நாலு பக்கமும் சமமாக இழுத்து, முடிச்சுப் போட இரண்டு நிமிஷம் ஆகிறது. இன்று நான் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் அந்தப் பக்கம் சுற்றி வந்து இரண்டு கையையும் நீட்டினார். பழைய பழக்கம், கை தானாக நீள்கிறது. நான் பார்த்த பார்வையில் கையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 22, சனி. கர்னூலுக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க்

மடி மரத்துப்போய்விட்டது. பெட்டி கனமில்லை, ஆனால் அசைய முடியாது.

ஒரு செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். பெட்டியைத் திற என்று ஒருவர் லத்தியால் துணியைத் தூக்க வந்தார். கொழுந்தன் இறங்கிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு சார், சார் என்று நின்றார். ஊரில் மீசை முறுக்குவதற்கு மட்டும் குறைச்சல் இல்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். "இது கடவுள். உன் வீட்டு சாமி ரூமில் லத்தியோடுதான் நுழைவாயா?" அந்தப் போலீஸ்காரர் லத்தியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியைக் கும்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

வண்டி கிளம்பியதும் கொழுந்தன் சொன்னார்: "ஐயா, ஒனக்கு நல்ல வாய் வாச்சிருக்கு."

பாராட்டா, குத்தலா என்று தெரியவில்லை. குத்தல் என்றே வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அவர் பெண்டாட்டி செல்லத்தாயி போன் செய்தாள். வண்டி ஓட்டுவதால் ஸ்பீக்கரில் போட்டார். "சாப்டாம மாத்திரையப் போடாதீக, கேட்டீகளா? ஒங்கண்ணன் பொண்டாட்டி சோறு வேணாம்னா கடையிலயாவது வாங்கித் தின்னுங்க" என்றாள். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்துதான் சொல்கிறாள். என் சோறு வேண்டாமாம், கடைச் சோறு ஆகுமாம். "சரி சரி, வை" என்று கட் செய்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, அதிலிருந்து ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். இன்றைக்கும் சாப்பாடு வாழைப்பழம்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு. அனந்தபூர்

ரேடியேட்டர் குழாய் வெடித்து மூன்று மணி நேரம் வெயிலில் நின்றோம். நிழல் என்று பார்த்தால் வண்டியின் நிழல்தான். அதில் அவர் ஒரு பக்கம், நான் பெட்டியோடு ஒரு பக்கம். மெக்கானிக் வரும் வரை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"ஐயா, ஒன்னய எடுத்துட்டு வர வேற ஆளே கெடைக்கலயா இந்த ஊருக்கு? பெட்டியப் புடுங்கப் பாத்த ஆளத்தான் அனுப்பணுமா?" என்றேன்.

அவர் நெற்றி வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். கை நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

"ஐயா, நான் எதுக்குக் கை நீட்டுனேன்னு ஒனக்குத் தெரியும். அந்த உர டெம்போவ ஓட்டுனது யாருன்னும் ஒனக்குத் தெரியும். தெரிஞ்சவுக எல்லாரும் தெரியாத மாதிரி இருந்தா நான் என்ன செய்ய?" என்றார்.

பெட்டியின் சிவப்புத் துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். 

அன்று நடந்ததை எழுதிவிடுகிறேன். வேலங்காட்டுக் கண்மாய்க் கரை. முன்னால் என் வீட்டுக்காரர் தலையில் பெட்டியோடு. அவருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு கொழுந்தன். அதற்குப் பின்னால் பொம்பளைகள், அவர்களோடு எட்டு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு நான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துத் தங்கிய வயிறு. கரை ஏறும்போது காலோடு ரத்தம் இறங்கியது. உட்கார்ந்துவிட்டேன். பொம்பளைகள் கத்தினார்கள். என் வீட்டுக்காரர் நின்று திரும்பிப் பார்த்தார். கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். அப்போது கொழுந்தன் குடையைக் கீழே போட்டுவிட்டு முன்னால் ஓடி இரண்டு கையையும் நீட்டினார். என் வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. நடந்து போய்க் கோயில் சேர்ந்தார். யாரோ என்னைத் தூக்கி ஒரு உர டெம்போவில் போட்டு உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை தங்கவில்லை. சாயங்காலம் விபூதியோடு என் வீட்டுக்காரர் வந்தார்.

சாவு விழுந்த வீட்டில் பெட்டி இருக்கக்கூடாது, தம்பி வீட்டுக்கு மாற்று என்று பங்காளிகள் சொன்னார்கள். அன்றைக்குத்தான் அவர் பெட்டியோடு வெளியேறினார். "பொண்டாட்டி விழுந்த நேரம் பாத்துப் பெட்டியப் புடுங்கப் பாத்தான் என் தம்பி" என்று சாகிற வரை சொன்னார். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

டெம்போ முழுக்க யூரியா நாற்றம். இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள். பெனுகொண்டா, ஆஸ்பத்திரி

ஆள் பிழைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 25, செவ்வாய். தர்மபுரிக்கு முன்னால்

நேற்று எழுத ஓடவில்லை. இன்று எழுதுகிறேன்.

பெனுகொண்டா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. "ஐயா, தூங்குறாங்களான்னு கேளு" என்றேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. வாய் என்னவோ சொல்கிறது, வார்த்தை வரவில்லை. எப்படியோ ஓரங்கட்டிவிட்டார். கதவைத் திறந்து காலை வெளியே வைத்தவர் அப்படியே ரோட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டார். பின்னால் லாரி மேல் லாரி வந்துகொண்டிருக்கிறது.

யோசித்தேன் என்று எழுதினால் பொய். கொக்கி ஞாபகம் வரவில்லை. என் வீட்டுக்காரர் பெயர் ஞாபகம் வரவில்லை. பெட்டியோடு இறங்கினேன், பெட்டியை மண்ணில் வைத்தேன், ஓடினேன். "ஏ வீரணா, வீரணா" என்று கத்தினேன். என்னை விட மூத்த ஆளைப் பெயர் சொல்லி, ஏ போட்டு. இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து இழுத்தேன். அறுபத்தைந்து கிலோ எண்ணெய்ச் சட்டியை இறக்கிப் பழகிய கை இது. இழுக்க முடிந்தது.

வண்டி நின்றது ஒரு பஞ்சர் கடை வாசல். கடைக்காரர் மஸ்தான் பாய் ஓடி வந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அந்த வழியாக லாரி ஓட்டுவதால் பாதித் தமிழ் தெரிந்தவர். கொழுந்தன் முகத்தைப் பார்த்த உடனே, "சுகர் இருக்காம்மா? சாப்பிட்டாரா?" என்று கேட்டார். அவரே ஓடிப்போய் டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்திலிருந்த சர்க்கரையை அள்ளி வந்தார். கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, கன்னத்துக்கு உள்பக்கம் விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. பல்லில் பட்டு விரல் கீறியது. அப்புறம் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார். மடியில் அவர் தலைதான் இருந்தது.

பெட்டி ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தேன். கிரீஸ் ஊறிய மண்ணில், கிழிந்த டயர்களுக்கு நடுவில், அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. நாய் கிட்டே வராமல் இருக்க மஸ்தான் பாய் இரண்டு லாரி டயரை எடுத்து அணைத்து வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத்தான் திட்டினாள். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டு நாலு நாளாக ஆள் பட்டினி கிடந்து வண்டி ஓட்டியிருக்கிறார், கூட இருந்த நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று. எனக்கு எப்படித் தெரியும்? மாத்திரையைப் பார்த்தேன். வாயு மாத்திரை என்று நினைத்தேன். சரி, நினைக்கவும் இல்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்குப் பின்னால் அடுப்பை இறக்கி வைத்துச் சோறு வடித்து ரசம் வைத்தேன். கொண்டுபோய் முன்னால் வைத்தேன். பெட்டி கொக்கியில் தொங்கியது, தூது சொல்ல ஆள் இல்லை.

"தின்னுங்க. செத்தீகன்னா பழி என் தலையில விழும்" என்றேன்.

"வெரதம் மதினி."

"வெரதம் இருந்து கிழிச்சது போதும். இன்னைக்கு ஐயனே ஒத்துக்கிருவாரு."

தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். சாப்பிட்டார். இரண்டாம் சோற்றுக்கு ரசம் ஊற்றும்போது, "உப்புக் கம்மி" என்றார். கொழுப்பு. உயிர் வந்த உடனே கொழுப்பும் வந்துவிட்டது.

இன்று காலை கிளம்பும்போது பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அடித்துணியில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கறை. அவர் பார்த்துவிட்டார். சாவியைத் திருகாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "நேத்து, பெட்டிய உறியிலதான மாட்டுனீக?"

"ஆமா" என்றேன்.

"அப்பச் சரி" என்று வண்டியை எடுத்தார்.

பெங்களூருவைத் தாண்டினோம். ஓசூரில் வண்டியை நிறுத்தி அவரே போய் இரண்டு பேருக்கும் இட்லி வாங்கி வந்தார். தமிழ்நாட்டு இட்லி. அதைக்கூட ருசிக்க விடாமல் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இவர் எல்லையில் உண்மையைச் சொல்லிவிட்டால் என் வீட்டுக்காரர் பெயர் போச்சு. நான் சொல்லிவிட்டால் பதினோரு வருஷம் கழித்து வருகிற சிவராத்திரி போச்சு, இவர் நாலு நாள் பட்டினியும் போச்சு. ஆக இரண்டு பேருமே சொல்லமாட்டோம். அவ்வளவு நம்பிக்கை போதும், நாளை சாயங்காலம் வரைக்கும்.

பிப்ரவரி 27, வியாழன். வேலங்காடு, என் தங்கச்சி வீடு

நேற்று மூன்றரை மணிக்கு எல்லைக்கல்லுக்கு வந்தோம். கொட்டு, குலவை, பூமாலை. நூறு பங்காளிகள் நின்றார்கள். நான் பெட்டியோடு இறங்கினேன். கறை தெரியாமல் உள்ளங்கையை அடியில் கொடுத்துப் பிடித்திருந்தேன். ஒருத்தரும் வா என்று சொல்லவில்லை. வருஷம் திரும்பாத தாலியறுத்தவள் முகத்தைப் பார்க்கக்கூடாதாம், பொம்பளைகள் எல்லாரும் திரும்பி நின்று குலவை போட்டார்கள். பெட்டிக்கு வரவேற்பு, எனக்கு முதுகு.

பெரிய பூசாரி தவசி என்னைக் கேட்கவில்லை. கொழுந்தனைத்தான் கேட்டார். மூன்று தடவை கேட்க வேண்டும், அது முறை.

"பெட்டி மண்ணுல பட்டுச்சாப்பா?"

"இல்ல" என்றார் கொழுந்தன்.

"பெட்டி மண்ணுல பட்டுச்சாப்பா?"

"இல்ல."

குரல் தடுமாறவில்லை. எனக்காகத்தான் பொய் சொல்கிறார் என்று அப்போது தெரிந்தது. சுமக்கிற உரிமை வேண்டும் என்றால் நான் தரையில் வைத்ததைச் சொல்லி அண்ணன் பேரை அழித்துவிட்டு, ஐயனைச் சமாதானம் பண்ணித் தானே வாங்கியிருக்கலாம். இந்த ஆளுக்கு அந்தப் புத்தி வரவில்லை.

மூன்றாவது தடவை கேட்பதற்கு முன்னால் பெயர் வரிசை. தவசி கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். வெள்ளத்தில் நீந்தி வந்த கட்டமாயன். ஐயா என்று கூட்டம் குரல் கொடுத்தது. பாம்பு கடித்தும் நடந்த பெரியகருப்பன். ஐயா.  ஆறு நாள் மடி மரக்க உட்கார்ந்து வந்தது இதைக் கேட்கத்தான்.

"பொண்டாட்டி மண்ணுல விழுந்தும் பெட்டிய மண்ணுல விடாத காசிமாயன்!"

"ஐயா!" என்று நூறு பேரும் கத்தினார்கள். அதுவரை சொன்ன பெயர்களில் இதற்குத்தான் சத்தம் அதிகம்.

அப்படியும் நான் பேசாமல் இருந்திருப்பேன். பெயர் வந்துவிட்டது, வந்த வேலை முடிந்தது. ஆனால் அந்த நூறு பேரில் எனக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன. அன்று கரையில் நின்றவர்கள். ரத்தத்தைப் பார்த்தவர்கள். அவர்களும் ஐயா என்றார்கள். கொழுந்தன் ஒருத்தர்தான் வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெட்டி மண்ணுல பட்டுச்சாப்பா?" மூன்றாவது தடவை.

"பட்டுச்சு" என்றேன்.

கொட்டு நின்றுவிட்டது. திரும்பி நின்ற பொம்பளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் வச்சேன். பெனுகொண்டாவுல, பஞ்சர் கடை வாசல்ல. இந்தா கறை. ஒரு ஆளு சாகக் கெடந்தாரு, வச்சேன். நாளைக்குக் கெடந்தாலும் வைப்பேன்."

"ஏத்தா, ஒம் புருசன் பேரக் கெடுக்கவா இம்புட்டுத் தூரம் வந்த?" என்றார் தவசி.

"எம் புருசன் அன்னைக்கு இதச் செஞ்சிருக்கணும். செய்யல. எறக்க வேணாம், கையிலயாச்சும் குடுத்துருக்கலாம். இவரு கைய நீட்டுனாரு. நான் வாங்கிக்கிறேன், நீ போயி அவளத் தூக்குன்னு நீட்டுனாரு. குடுக்கல. அப்புறம் இவருதான் என்னயத் தூக்கி டெம்போவுல போட்டு ஓட்டிட்டுப் போனாரு. எம் பிள்ளை செத்ததுக்கு ஐயான்னு கத்துறீகளே, ஒங்க வாயில மண்ணு விழ."

அவ்வளவும் நான் சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது. பதினோரு வருஷமாக எனக்குத் தெரியும். அந்தக் கை எப்படி நீண்டது என்று பார்த்தவள் நான். உள்ளங்கை இரண்டும் மேலே பார்த்து இருந்தன. பிடுங்குகிறவன் கை அப்படி நீளாது. ஆனால் அதை ஒத்துக்கொண்டால் வீட்டில் ஒருத்தரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? அதனால் வெளியில் இருந்தவரை வெறுத்துக்கொண்டிருந்தேன். வசதியாக இருந்தது.

கொழுந்தன் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, கோபம். "நான்தான் இல்லன்னுட்டேன்ல மதினி? சும்மா இருந்தா என்ன? என்னயப் பொய்யனாக்கிட்டீக" என்றார். போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிவராத்திரி நடக்கவில்லை. வசவு மட்டும் நடந்தது. இன்று காலை வரைக்கும் நடந்தது.

மார்ச் 1, சனி

மூன்று நாள் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். பூப் போட்டுக் கேட்டார்களாம். ஐயன் பஞ்சர் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறாராம், ஊருக்கு வந்திருப்பது வெறும் பெட்டியாம். பெட்டியை மறுபடி அங்கே கொண்டுபோய், வைத்த இடத்திலேயே வைத்து, மன்னிப்புக் கேட்டு, பிடி மண்ணோடு எடுத்து வர வேண்டும். வைத்தவர்தான் எடுக்க வேண்டும், அது முறை. வைத்தவர் பொம்பளை. அதற்கு முறை இல்லை. ஒரு நாள் முழுக்க அதில் திணறிவிட்டு, வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்கள்.

மஸ்தான் பாய்க்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "நம்ம கடை வாசல்லயா? அட, அதான் அஞ்சு நாளா நல்ல வியாபாரம். மெதுவா வாங்கம்மா, டயர எடுக்கல, அப்படியேதான் இருக்கு" என்றார். இந்த ஒரு வாரத்தில் எனக்கு நல்ல வார்த்தை சொன்ன ஒரே ஆள்.

யார் வண்டி ஓட்டுவது என்று யாரும் பேசவில்லை. சாயங்காலமே வாசலில் குட்டியானை வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

மார்ச் 2, ஞாயிறு. கரூர் தாண்டி

அதே வண்டி, அதே ஆள், அதே மடி. கொழுந்தன் இன்னும் என்னோடு பேசவில்லை. ஐயன் வழியாகவும் பேசவில்லை, ஐயன்தான் பெட்டியில் இல்லையே. நானும் பேசவில்லை. ஆனால் எட்டு மணிக்கு ஒரு தரம், பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி, என் தூக்கைத் திறந்து சாப்பிட்டார். சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை போட்டார். நான் பார்க்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போட்டார்.

மத்தியானம் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அவசரம். கொக்கிக் கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தேன். முடிச்சு இறுகிப்போய் வரவில்லை. கொழுந்தன் அந்தப் பக்கம் சுற்றி வந்து, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினார்.

"கை மாறுனா பெட்டி வாங்குனவருக்குத்தான்" என்றேன்.

"தெரியும். போயிட்டு வாங்க."

கொடுத்தேன். திரும்பி வந்து நானும் கையை நீட்டினேன். கொடுத்தார்.